உட்கார்ந்தால் பிபி நார்மல், எழுந்தால் கண் இருட்டு

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. பிபி, சுகர் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். சிறுநீர் தடங்கலுக்கு ராத்திரியில் டாம்சுலோசின். விடியற்காலையில் பாத்ரூம் போக எழுந்தால் கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். வீட்டு மெஷினில் பிபி 136/80, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 97. மூளைக்கு ஆக்சிஜன் போகவில்லையா? அதை வீட்டிலேயே பார்க்க முடியுமா? பிபி மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். கட்டுப்பாட்டில் இல்லாத பிபியாலும் இதே கிறுகிறுப்பு கூடும்.

136/80 சரியான அளவுதான், ஆனால் அது உட்கார்ந்து எடுத்தது. எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கும். உடனே நரம்புகள் இதயத்தை வேகமாக்கி, ரத்தக்குழாய்களை இறுக்கி, பிபியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். வயதும் நாள்பட்ட சுகரும் அந்த வேலையை மந்தமாக்குகின்றன. போதாததற்கு டாம்சுலோசின் குழாய்களைத் தளர்த்தக்கூடியது. அதைப் போட்டுக்கொண்டு படுத்தவர் விடியற்காலையில் எழுகிறார். என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகிறது.

அளக்கும் முறை இது. அப்பா ஐந்து நிமிடம் மல்லாந்து படுத்திருக்கட்டும். பிபியையும் நாடித்துடிப்பையும் குறியுங்கள். பட்டையைக் கழற்றாமல் எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாவது நிமிடத்தில் ஒருமுறை எடுங்கள். பக்கத்தில் ஒருவர் நின்றே ஆக வேண்டும். தள்ளாடினால் அளவைப் பார்க்காமல் உட்கார வையுங்கள். நிற்கும்போது கையைத் தொங்கவிட்டால் அளவு கூடுதலாகக் காட்டி இறக்கத்தை மறைத்துவிடும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கையை நெஞ்சு மட்டத்துக்குத் தூக்கி நீங்களே தாங்கிக்கொள்ளுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அது கவனிக்க வேண்டிய இறக்கம். பிபி நன்றாக இறங்கியும் நாடித்துடிப்பு கூடாமல் இருந்தால் நரம்புக் கோளாறாக இருக்கலாம், அதையும் எழுதுங்கள். காலையில் மாத்திரைக்கு முன் ஒருமுறை, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரத்தில் ஒருமுறை என்று சில நாள் எடுத்தால் போதும்.

எல்லாம் நார்மலாக வந்தாலும் "ஒன்றுமில்லை" என்று முடித்துவிடாதீர்கள். சிலருக்கு எழுந்த 15 விநாடிக்குள் பிபி 40க்கும் மேல் சரிந்து, அரை நிமிடத்தில் மீண்டுவிடும். வீட்டு மெஷின் பட்டையில் காற்றேற்றி இறக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஒவ்வொரு துடிப்பிலும் பிபி காட்டும் விரல் பட்டைக் கருவிதான் இதைப் பிடிக்கும். அது இல்லாத இடத்தில் அப்பா சொல்லும் கண் இருட்டே சாட்சி.

இனி ஆக்சிஜன். ஆக்சிமீட்டர் காட்டும் 97 ரத்தம் சுமக்கும் ஆக்சிஜன். லாரி நிறையச் சரக்கு இருக்கிறது, ஊருக்கு எத்தனை லாரி வந்தது என்பது வேறு கணக்கு. பிபி சரியும்போது மூளைக்குப் போகும் ரத்தமே குறைகிறது. விரலுக்கு அது தெரியாது. நெற்றியில் ஒட்டி, அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியை மண்டையோட்டுக்குள் செலுத்தி மூளைத் திசுவின் ஆக்சிஜனைக் கணிக்கும் கருவி உண்டு. இதய அறுவைசிகிச்சை அரங்குகளில் பயன்படுகிறது. அயர்லாந்தில் 50 வயது கடந்தவர்களைத் தொடரும் டில்டா ஆய்வில் இதை ஒட்டி, எழுந்து நிற்கச் சொல்லி அளந்தார்கள். நெற்றித் தோலின் ரத்த ஓட்டமும் அளவில் கலந்துவிடும் என்பதால் வீட்டில் வைத்துப் பார்க்கும் கருவி அல்ல. உங்கள் அப்பாவின் மருந்தைத் திருத்த இது தேவையும் இல்லை.

குறிப்பையும் எல்லா மாத்திரைகளையும், தூக்க மாத்திரை உட்பட, டாக்டரிடம் எடுத்துப் போங்கள். எது எந்த வேளை என்பதை மாற்றினாலே பலருக்குச் சரியாகிவிடும். அதுவரை ராத்திரியில் கட்டிலருகே சிறுநீர் குடுவை வையுங்கள். எழுமுன் காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்து, கெண்டைக்காலை இறுக்கித் தளர்த்தட்டும். கத்திரி வெயிலில் தண்ணீர் குறைந்தால் கிறுகிறுப்பு கூடும். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீர் அளவு சொல்லப்பட்டிருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக் குடிப்பதைக் கூட்டுங்கள். உப்பை நீங்களாகக் கூட்ட வேண்டாம்.

மயங்கி விழுந்தாலோ, தலையில் அடிபட்டாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சு குழறினாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ அளந்துகொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.