ஓ.டி. கணக்குக்காக வங்கி வழக்குப் போட்டுவிட்டது, என்னைக் கைது செய்வார்களா?

கேள்வி: கரூரில் படுக்கை விரிப்பு தைத்துக் கொடுக்கும் சிறிய யூனிட் வைத்திருந்தேன். 2017-ல் ஒரு வங்கியில் 3 லட்சத்துக்கு ஓ.டி. (ஓவர்டிராஃப்ட், குறித்த லிமிட்வரை கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் கடன்) வாங்கினேன். அண்ணன் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். 2019-ல் மேலாளரே லிமிட்டை 5 லட்சமாக்கிக் கொடுத்தார். 2020 ஜனவரிக்குப் பிறகு கணக்கில் ஒரு ரூபாய்கூடக் கட்ட முடியவில்லை. கொரோனாவில் யூனிட்டையும் மூடிவிட்டோம். 2023-ல் வங்கியிலிருந்து வந்து சில தாள்களில் கையெழுத்து வாங்கிப் போனார்கள். தேதி போட்டதாக நினைவில்லை. 2025 ஆகஸ்டில் 7,40,000 ரூபாய் கேட்டு வழக்குப் போட்டு, எனக்கும் அண்ணனுக்கும் சம்மன் வந்திருக்கிறது. சொத்து எதுவும் அடமானத்தில் இல்லை. என்னைக் கைது செய்வார்களா? மூன்று வருஷம் தாண்டிய கடன் செல்லாது என்கிறார்களே, அது உண்மையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கைது பயத்தை முதலில் விடுங்கள். இது சிவில் வழக்கு. பணம் வசூலிக்கும் தீர்ப்பாணைக்காக ஒரு பெண்ணைக் கைது செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56-வது பிரிவு அனுமதிப்பதில்லை. ஆண்களுக்கும்கூட, கையில் வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாமல் ஏமாற்றினால்தான் சிவில் சிறை. வெறும் இல்லாமைக்காக உள்ளே தள்ள முடியாது என்று 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதுவும் ஒரு வங்கி போட்ட வழக்குதான். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: வங்கியிடம் செக் ஏதாவது கொடுத்து, அது பணமில்லாமல் திரும்பியதா? அப்படி இருந்தால் அது தனிக் கிரிமினல் விவகாரம், உடனே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்து சம்மனை எடுத்து நிதானமாகப் படியுங்கள். தொகை 20 லட்சத்துக்குக் கீழே என்பதால் வங்கி கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகாமல் சிவில் கோர்ட்டுக்கு வந்திருக்கிறது. பத்து நாளில் ஆஜராகச் சொல்லியிருந்தால் அது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37-வது கட்டளையின் கீழான சுருக்க வழக்கு. அதில் எதிர்த்து வாதாடவே தனியாக அனுமதி வாங்க வேண்டும், ஒரு நாள்கூட வீணாக்கக் கூடாது. சாதாரண வழக்கு என்றால் சம்மன் கைக்கு வந்ததிலிருந்து 30 நாளுக்குள் எதிர்வழக்குரை, அதாவது உங்கள் பதிலை எழுத்தில், தாக்கல் செய்ய வேண்டும். கோர்ட் 90 நாள்வரை நீட்டிக்கலாம். வணிக வழக்காகப் பதிவாகியிருந்தால் 120 நாள்தான் எல்லை. அதைத் தாண்டினால் உங்கள் பதிலைக் கோர்ட் வாங்கவே வாங்காது.

உங்கள் ஓ.டி. தொழிலுக்கு வாங்கியது, தொகையும் 3 லட்சத்துக்கு மேல். எனவே இதை வணிகத் தகராறு என்று வாதிட நல்ல இடமிருக்கிறது. அவசரத் தடையுத்தரவு எதுவும் கேட்காத வணிக வழக்கில், வழக்குக்கு முன் சமரசத்துக்குப் போயிருக்க வேண்டும் என்பது கட்டாயம். 2022-ல் பாட்டீல் ஆட்டோமேஷன் தீர்ப்புக்குப் பிறகு அதைச் செய்யாமல் போட்ட பிராதுகள் (வழக்கு மனுக்கள்) நிராகரிக்கப்படுகின்றன. சமரசத்துக்கு வரச் சொல்லி உங்களுக்கு நோட்டீஸ் ஏதும் வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். இது வழக்கை ஒரேயடியாக ஒழித்துவிடாது. வங்கி சமரசத்தை முடித்துவிட்டு மறுபடி வரலாம். ஆனால் அப்படி வரும்போது காலவரம்பு மிச்சம் இருக்குமா என்பதுதான் விஷயம்.

அந்தக் காலவரம்புக்கு வருவோம். மூன்று வருஷம் என்று உங்களிடம் சொன்னவர்கள் பாதி சரி. கடைசி வரவு 2020 ஜனவரி. அந்தத் தேதியிலிருந்து எண்ணுவதா, கணக்காண்டு முடிந்த 2020 மார்ச்சிலிருந்து எண்ணுவதா என்று வக்கீல்கள் சண்டை போடுவார்கள். எப்படி எண்ணினாலும் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான கொரோனாக் காலத்தை உச்ச நீதிமன்றம் கழித்துவிட்டது. அதைச் சேர்த்துப் பார்த்தால் 2025 பிப்ரவரி இறுதிக்குள் கெடு முடிகிறது. வழக்கு ஆகஸ்டில். வழக்குக்கு முன் சமரசம் நடந்திருந்தால் அந்தக் காலமும் கழியும். நடக்கவில்லை என்றால், மேலோட்டமாகப் பார்த்தால் வங்கி தாமதம்.

மேலோட்டமாக என்று சொல்வதற்குக் காரணம் 2023-ல் நீங்கள் போட்ட கையெழுத்து. வங்கிக்காரர்கள் வாங்கிப் போனது பெரும்பாலும் ரிவைவல் லெட்டராக இருக்கும்: "மேற்படி கணக்கில் இவ்வளவு பாக்கி உள்ளது என ஒப்புக்கொள்கிறேன்" என்று ஏற்கெனவே அச்சடித்த தாள், தொகைக்கும் தேதிக்கும் கோடிட்ட இடம். கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது எழுத்தில் கொடுக்கும் ஒப்புதல், காலவரையறைச் சட்டம் 18-வது பிரிவின்படி அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம் கொடுக்கிறது. தாளில் தேதி இல்லாவிட்டால் எப்போது கையெழுத்தானது என்பதை வாய்மொழிச் சாட்சியால் நிரூபிக்கலாம் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. ஆகவே "அது என் கையெழுத்தே இல்லை" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். கையெழுத்து நிபுணர் அறிக்கை வந்த நாளோடு உங்கள் மற்ற நல்ல வாதங்களும் போய்விடும். வெற்றுத் தாள் என்ற வாதமும், அதில் புரோநோட் இருந்தால், சுலபமாக எடுபடாது. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: யார் வந்தார், எத்தனை தாள், தொகை எழுதியிருந்ததா. பிராதோடு வங்கி தாக்கல் செய்த ஆவணங்களின் நகலை வாங்கி, அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகே காலவரம்பு வாதத்தை எவ்வளவு அழுத்துவது என்று முடிவு செய்யலாம்.

காலவரம்பு கைகொடுக்காவிட்டாலும் தொகை இருக்கிறது. அங்கேதான் நான் உங்களை அதிகம் உழைக்கச் சொல்வேன். பிராதில் சொன்னதைக் குறிப்பாக மறுக்காவிட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். "பாக்கி தவறு" என்று பொதுவாக எழுதினால் போதாது. கணக்கு அறிக்கையை வரி வரியாகப் பாருங்கள். ஒவ்வொரு மாதமும் பற்று வைத்த வட்டிக்குக் கீழே அபராத வட்டி என்று தனி வரி இருக்கிறதா? அடுத்த மாத வட்டியை அந்தத் தொகையையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்களா? அபராத வட்டியை அசலில் சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்று 2001-ல் சென்ட்ரல் பேங்க் – ரவீந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. யூனிட்டை மூடிய பிறகும் சரக்கு ஆய்வுக் கட்டணம், சரக்கு இன்ஷூரன்ஸ் என்று பிடித்திருந்தால் அதையும் குறித்து வையுங்கள். இல்லாத சரக்கை யார் வந்து ஆய்வு செய்தார் என்று குறுக்கு விசாரணையில் கேட்கலாம். தகராறு உள்ள பற்றுகளுக்கு வெறும் கணக்கு நகல் போதாது, வேறு சாட்சியமும் வேண்டும் என்பது 1967-லேயே கௌஹாத்தி பேங்க் வழக்கில் முடிவான சங்கதி.

இதெல்லாம் நீங்கள் ஆஜரானால்தான். வாய்தாவுக்குப் போகாமல் விட்டால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகி, 7,40,000 அப்படியே நிற்கும். அதை ரத்து செய்ய 30 நாள்தான் அவகாசம். தீர்ப்பை வைத்துப் பணம் வசூலிக்க நிறைவேற்று மனு போட வங்கிக்கு 12 வருஷம் இருக்கிறது. வக்கீல் செலவு கஷ்டம் என்றால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

சமாதானத்துக்கு வங்கி எப்போதும் கதவைத் திறந்தே வைத்திருக்கும், ஆனால் ஒன் டைம் செட்டில்மென்ட்டை (பேசி முடித்த குறைந்த தொகையைக் கட்டிக் கணக்கை முடிப்பதை) உரிமையாகக் கேட்க முடியாது. எதிர்வழக்குரை தாக்கல் செய்த பிறகு பேசுங்கள், மக்கள் நீதிமன்றத்தில் பேசுங்கள். அங்கே முடிந்தால் வங்கி கட்டிய கோர்ட் ஃபீஸ் முழுதும் அதற்குத் திரும்பிவிடும். தமிழ்நாட்டில் அது 3 சதவீதம், உங்கள் வழக்கில் சுமார் 22,200 ரூபாய். அதையும் உங்கள் தலையில் கட்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பணம் கட்டியதும் பாக்கியில்லைச் சான்று வாங்காமல் வராதீர்கள்.

கடைசியாக, உங்கள் அண்ணன். அவர் கையெழுத்துப் போட்டது 2017-ல், 3 லட்சத்துக்கு. 2019-ல் லிமிட்டை உயர்த்தியபோது அவர் சம்மதம் வாங்கவில்லை என்றால், ஒப்பந்தச் சட்டம் 133-வது பிரிவின்படி அதற்குப் பிந்தைய வரவு செலவுகளுக்கு அவர் பொறுப்பில்லை என்று வாதிடலாம். ஜாமீன் பத்திரத்தில் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கும் ஷரத்து இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அவருடைய இந்த வாதம் உங்களுக்கு உதவாது, சில இடங்களில் இடிக்கவும் செய்யும். அதனால் ஒரே வக்காலத்தில் இருவரும் கையெழுத்துப் போடாமல், அவர் தனி வக்கீல் வைத்துக்கொள்ளட்டும்.