பேக்வெல்லுக்குத் திங்கட்கிழமை போங்கள்

கேள்வி: ஜூன் மாதம் நானும் என் கணவரும் ஷெஃபீல்டில் படிக்கும் மகளிடம் போகிறோம். லண்டனை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். இந்த முறை ஒரு சந்தை ஊரையும் அதைச் சுற்றியுள்ள கிராமப்புறத்தையும் பார்க்க ஆசை. பேக்வெல் பக்கத்தில்தான் இருக்கிறது என்கிறாள் மகள். கார் கிடையாது. கணவருக்கு முழங்கால் வலி, மேடு ஏறுவது கஷ்டம். முட்டைகூடச் சாப்பிடாத சைவம் நாங்கள். ஒரு நாள் போதுமா? எதைப் பார்க்கலாம், எதை விட்டுவிடலாம்?
– வாசகி, கோவை

பதில்: உங்கள் மகள் சரியான ஊரைத்தான் சொல்லியிருக்கிறார். பேக்வெல், டெர்பிஷர் மாவட்டத்தில், பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. 1951ல் பிரிட்டனில் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்கா இது. அதற்குள் இருக்கும் ஊர்களில் பெரியது பேக்வெல்தான், ஆனால் மக்கள்தொகை நாலாயிரத்தை ஒட்டித்தான் இருக்கும். நம் ஊர்த் தேசியப் பூங்காவை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். இங்கே பூங்காவுக்குள்ளேயே ஊர்களும் பண்ணைகளும் ஆட்டு மந்தைகளும் உண்டு. நிலத்தில் பெரும்பகுதி தனியாருடையது.

முதலில் கிழமையை முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். பேக்வெல்லில் சந்தை கூடுவது திங்கட்கிழமை. 13ஆம் நூற்றாண்டிலிருந்தே இங்கே சந்தை நடந்ததற்குக் குறிப்புகள் இருக்கின்றன. சனி, ஞாயிறில் போனால் நீங்கள் பார்க்கப்போவது உங்களைப்போல வந்த சுற்றுலாப் பயணிகளைத்தான். திங்கள் காலையில் போனால் சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்களைப் பார்க்கலாம். அதற்காகத்தான் சந்தை ஊருக்கே போக வேண்டும் என்பது என் கருத்து.

சந்தை இரண்டு இடங்களில் நடக்கும். ஊர் நடுவில் துணி, காய்கறி, பாலாடைக்கட்டி, பூச்செடி, சமையல் சாமான் என்று கடை போட்டிருப்பார்கள். ஆற்றைக் கடந்து அந்தப் பக்கம் போனால் கால்நடைச் சந்தை. பெரும்பாலான பயணிகள் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் நடைபாலத்தைத் தாண்டி இரண்டாவதற்கும் போங்கள், ஐந்து நிமிட நடைதான். ஏலம் நடக்கும் வளையத்தைச் சுற்றிப் படிப்படியாக இருக்கைகள் இருக்கும். மாடோ ஆடோ ஒரு கதவு வழியாக உள்ளே வந்து ஒரு சுற்றுச் சுற்றி மறு கதவு வழியாக வெளியே போவதற்குள் விலை முடிந்துவிடும். ஏலம் விடுபவர் மூச்சுவிடாமல் தொகையைச் சொல்லிக்கொண்டே போவார். வாங்குகிறவர் யார் என்று நமக்குத் தெரியவே தெரியாது. ஒரு தலையசைப்பு, ஒரு விரல் அசைவு, அவ்வளவுதான். மேல் வரிசையில் அமைதியாக உட்கார்ந்து பாருங்கள். வளையத்தை ஒட்டிய இடம் வாங்க வந்தவர்களுக்கு உரியது, அங்கே போய் மறைக்காதீர்கள். படம் எடுப்பதானால் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு எடுங்கள். அங்கே விற்கும் கால்நடைகளில் பல இறைச்சிக்குப் போகிறவை. உங்களுக்கு அது மனம் ஒப்பாது என்றால் ஊர் நடுவில் இருக்கும் கடைகளோடு நிறுத்திக்கொள்ளலாம், தவறே இல்லை.

ஒரு நாள் போதுமா என்று கேட்டீர்கள். சந்தைக்கு மட்டும் என்றால் போதும். கிராமப்புறத்தையும் பார்ப்பதானால் ஞாயிறு மதியம் போய்ச் சேர்ந்து ஓர் இரவு தங்குங்கள். வாரக் கடைசியில் பல சிறு விடுதிகள் இரண்டு இரவு எடுத்தால்தான் அறை தருவார்கள். ஞாயிறு இரவு மட்டும் என்றால் அந்தச் சிக்கல் குறைவு, வாடகையும் இறங்கியிருக்க வாய்ப்புண்டு. பழைய கல் வீடுகளில் லிஃப்ட் இருக்காது, படி குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். அதனால் தரைத்தள அறை வேண்டும் என்பதை முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். காலை உணவில் முட்டை வேண்டாம் என்பதையும் அப்போதே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேக்வெல்லில் இப்போது ரயில் நிலையம் இல்லை, 1967ல் மூடிவிட்டார்கள். ஷெஃபீல்டிலிருந்து பஸ்தான். ஷெஃபீல்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பஸ் நிலையம். அங்கிருந்து 218ஆம் எண் பஸ் பாஸ்லோ வழியாகப் பேக்வெல் வருகிறது, ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைகளில் சேவை குறையலாம், பருவத்துக்குப் பருவம் நேரமும் மாறும். கிளம்பும் வாரத்தில் நேர அட்டவணையைப் பார்த்துவிடுங்கள், முக்கியமாகத் திரும்பி வரும் கடைசி பஸ்ஸை. இங்கிலாந்தில் பெரும்பாலான உள்ளூர் பஸ்களில் 2025 ஜனவரியிலிருந்து ஒருவழிப் பயணத்துக்கு 3 பவுண்டு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். மூத்த குடிமக்களுக்கான இலவச அட்டை அங்கே வசிப்பவர்களுக்கு மட்டும்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருங்கள். நகரம் முடிந்ததும் மரமே இல்லாத மேட்டுநிலம் வரும். கருத்த மணற்பாறை, புதர், காற்று. அங்கிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்க இறங்கப் புல்வெளி பச்சையாகும். பேக்வெல்லைத் தாண்டினால் சுண்ணாம்புக்கல் பூமி, வயல் வரப்பாக நிற்கும் கற்சுவர்களெல்லாம் வெள்ளை. சாந்து, சிமெண்ட் எதுவும் இல்லாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கிக் கட்டிய சுவர்கள் அவை. அதன்மேல் ஏறவோ சாயவோ வேண்டாம், ஒரு கல் நழுவினால் பின்னாலேயே பத்துக் கல் வரும்.

உங்கள் கணவருக்கு ஏற்ற நடை இரண்டு இருக்கின்றன. ஒன்று, ஊருக்குள்ளேயே வை ஆற்றின் கரை. சமதளமான பாதை. தண்ணீர் தெளிவாக இருப்பதால் டிரவுட் மீன்கள் எதிர்நீச்சலில் நிற்பது மேலிருந்தே தெரியும். கொஞ்சம் மேலே போனால் 1664ல் கட்டிய ஹோம் பாலம். அதன் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்கூட இருக்காது. பொதிக்குதிரைகளின் இரு பக்கமும் தொங்கும் மூட்டை இடிக்காமல் போகவேண்டும் என்று அப்படிக் கட்டினார்கள்.

இன்னொன்று மான்சல் டிரெயில். மூடிய அந்த ரயில் தடத்தைத்தான் நடைபாதை ஆக்கியிருக்கிறார்கள், நீளம் சுமார் 13.5 கிலோமீட்டர். ரயில் ஓடிய பாதை என்பதால் மேடு பள்ளம் கிடையாது. அடைத்துக் கிடந்த சுரங்கங்களை 2011ல் திறந்தார்கள், பகலில் உள்ளே விளக்கு எரியும். பேக்வெல் பழைய நிலையத்துக்கு ஊரிலிருந்து ஏறிப் போக வேண்டும் என்பது மட்டும் உங்களுக்குச் சிரமம். அதனால் டாக்ஸி பிடித்து அடுத்த நிலையமான ஹாசப்பில் இறங்குங்கள். அங்கே சிற்றுண்டிக் கடையும் வாடகை சைக்கிளும் உண்டு. முடிந்த தூரம் நடந்துவிட்டு அங்கேயே திரும்பிவிடலாம்.

இந்தப் பாதையின் பெயர்பெற்ற காட்சி, மான்சல் பள்ளத்தாக்கைக் கடக்கும் ஹெட்ஸ்டோன் பாலம். 1860களில் அதைக் கட்டியபோது பள்ளத்தாக்கையே பாழாக்கிவிட்டார்கள் என்று கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் கடுமையாகக் கண்டித்தார். இன்று அதே பாலம் பாதுகாக்கப்பட்ட சின்னம். அதைப் பார்க்க மேலே இருக்கும் மான்சல் ஹெட் என்ற இடத்துக்கு டாக்ஸியிலேயே போய்விடலாம். வளைந்தோடும் ஆறும் பாலமும் சாலையோரத்திலிருந்தே தெரியும். கீழே இறங்கும் பாதை செங்குத்தானது, முழங்கால் வலி உள்ளவர் இறங்க வேண்டாம்.

நேரம் இருந்தால் பேக்வெல்லிலிருந்து மூன்று கிலோமீட்டரில் இருக்கும் ஆஷ்ஃபர்ட் கிராமத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு சிறு கல் பாலத்தை ஒட்டிக் கல்லாலேயே ஒரு பட்டி கட்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் ரோமம் கத்தரிப்பதற்கு முன்னால் ஆடுகளை ஆற்றில் குளிப்பாட்டுவார்கள். குட்டிகளை ஒரு கரையில் பட்டியில் அடைத்துவிட்டுத் தாய் ஆடுகளை எதிர்க்கரையில் தண்ணீரில் இறக்கிவிட்டால், குட்டியைத் தேடி அவை நீந்தி வந்துவிடும். குளியலும் முடிந்துவிடும்.

ஜூனில் போவதால் உங்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. இந்த வட்டாரத்துக்கே உரிய வழக்கம், கிணறுகளையும் ஊற்றுகளையும் பூவால் அலங்கரிப்பது. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தேதி. ஆஷ்ஃபர்டில் பெரும்பாலும் ஜூன் தொடக்கத்தை ஒட்டியும், பேக்வெல்லில் ஜூன் கடைசியை ஒட்டியும் வரும். பெரிய மரச்சட்டத்தில் ஈரக் களிமண்ணைப் பூசி, படத்தின் கோட்டை அதில் குத்திக் குறித்து, விதை, பாசி, இதழ் என்று ஒவ்வொன்றாக அழுத்துவார்கள். இதழ்களைக் கீழிருந்து மேலாக ஒன்றின்மேல் ஒன்று படியும்படி வைப்பதால் மழைத் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். ஏறக்குறைய ஒரு வாரம் தாங்கும். தேதியைப் பார்த்துப் பயணத்தை அமைக்க முடிந்தால் கட்டாயம் செய்யுங்கள்.

எதை விடுவது? சாட்ஸ்வர்த் மாளிகையை இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள். டெவன்ஷர் பிரபு குடும்பத்தின் அந்த மாளிகைக்கும் தோட்டத்துக்கும் முழு நாள் வேண்டும், நுழைவுக் கட்டணமும் அதிகம். அதே வழித்தட பஸ்ஸில் ஷெஃபீல்டிலிருந்தே வேறொரு நாள் போய்வரலாம். சுற்றியுள்ள புல்வெளியில் நடக்கக் கட்டணம் இல்லை. ஹாடன் ஹால் இடைக்கால மாளிகை, எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அங்கே கல் படிகளும் தேய்ந்த கல் தரையும் அதிகம், உங்கள் கணவருக்காக அதை விட்டுவிடுங்கள்.

இனிச் சாப்பாடு. பேக்வெல் புட்டிங் ஊரின் அடையாளம். மொறுமொறு மாவுக் கிண்ணத்தில் பழ ஜாம், அதன்மேல் முட்டையும் பாதாமும் சேர்ந்த கலவை. உங்களுக்கு ஆகாது. அங்கே சைவம் என்று எழுதியிருந்தாலும் முட்டை இருக்கலாம், வீகன் (பால், முட்டை எதுவும் சேராதது) என்று எழுதியிருந்தால் முட்டை இருக்காது. முட்டை, பால், கொட்டை வகை போன்ற ஒவ்வாமைப் பொருள்கள் எதில் இருக்கின்றன என்று கேட்டால் கடைக்காரர் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம், கூச்சப்படாமல் கேளுங்கள். மேல்மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதும் உண்டு என்பதால் ‘பை’ (pie) என்று விற்கும், மாவுக்குள் காய்கறி வைத்துச் சுட்ட பண்டத்திலும் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். டெர்பிஷர் ஓட்கேக் உங்களுக்குச் சரியாக இருக்கும். ஓட்ஸ் மாவைப் புளிக்கவைத்துக் கல்லில் ஊற்றிச் சுடுவது, நம் தோசைக்கு ஒன்றுவிட்ட தங்கை. வழக்கமாக அதில் முட்டை கிடையாது. மற்றபடி தோலோடு சுட்ட உருளைக்கிழங்கில் பீன்ஸ், சூப், ரொட்டி. சிற்றுண்டிக் கடைகள் பலவும் மாலை நாலு, ஐந்துக்குள் மூடிவிடும். ஞாயிறு இரவுக்கு எங்கே சாப்பிடுவது என்பதை மதியமே விசாரித்து இடம் சொல்லி வைத்துவிடுங்கள்.

வயல் வழியாக நடக்கும்போது மஞ்சள் அம்புக்குறி தெரிந்தால் அது பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள பாதை, பண்ணை தனியாருடையதாக இருந்தாலும் தயங்காமல் போகலாம். மூடியிருந்த கதவை மூடிவிட்டுப் போங்கள், திறந்து கட்டியிருந்தால் அப்படியே விடுங்கள். கன்றோடு நிற்கும் மாட்டுக்குப் பக்கத்தில் போக வேண்டாம், சுற்றிப் போங்கள். வெயில் அடித்தாலும் மழை ஜாக்கெட் பையில் இருக்கட்டும், மேட்டுக் காற்றுக்குக் குடை தாங்காது. பள்ளத்தாக்குகளில் பல இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது. டாக்ஸிக்காரரிடம் திரும்பக் கூட்டிப்போக வேண்டிய நேரத்தை இறங்கும்போதே சொல்லிவிடுங்கள்.