கேள்வி நேரம்: கோட்டைவிட்டது ஏழாவது கொடியிலா?

கேள்வி: அண்ணே, நான் தண்டையார்பேட்டை. சின்ன வயதிலிருந்து ஃபுட்பால் ஆடுகிறேன், ஓட்டம் எனக்குப் பிரச்சினையே இல்லை. போன மாதம் ஒரு கல்லூரி வளாகத்தில் நடந்த ஸ்ப்ரின்ட் ஓரியன்டீரிங்கில் (மேப்பைப் பார்த்து வழி கண்டுபிடித்து, கொடி வைத்த இடங்களுக்கு வரிசையாக ஓடும் குறுகிய நேரப் போட்டி) முதல் தடவை ஓடினேன். மொத்தம் 15 கன்ட்ரோல், அதாவது கொடி வைத்த இடம். ஏழாவதில் சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கொடி. சுற்றிப் போவதற்குள் 2 நிமிடம் காலி. முடித்தது 22 நிமிடத்தில். மைதானத்தில் என் பின்னாலேயே ஓடிவரும் நண்பன் 18 நிமிடத்தில் முடித்துவிட்டான். அந்தச் சுவரை நினைத்தாலே எரிச்சலாக இருக்கிறது. என்ன செய்ய?

பதில்: சுவரைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்குப் போடுவோம் தம்பி. உங்கள் இருவருக்கும் இடையே 4 நிமிடம். ஏழாவதில் போனது 2. மீதி 2 எங்கே போச்சு? 15 கன்ட்ரோல், கடைசியில் ஃபினிஷ், ஆக 16 துண்டு ஓட்டம். ஏழாவதைத் தள்ளினால் 15. 120 நொடியை அதில் பங்கு போட்டால் துண்டுக்கு 8 நொடி. காலில் வேகம் உங்களுக்குத்தான் அதிகம் என்கிறீர்கள், அப்படியென்றால் அந்த 8 நொடியில் பெரும்பகுதி ஓடும்போது போயிருக்காது, நின்றபோது போயிருக்கும். வந்ததைப் பதிவு செய்ய, கொடியில் இருக்கும் கருவியில் நம் சிப்பை வைத்து 'பீப்' சத்தம் கேட்டதும் நிற்கிறோம், மேப்பைத் திருப்புகிறோம், அடுத்தது எங்கே என்று விரலால் தேடுகிறோம் பாருங்கள், அங்கேதான். உங்கள் நண்பன் அந்தத் தேடலை முந்தின கொடிக்கு வரும் வழியிலேயே முடித்திருப்பான்.

ஏழாவதில் நடந்த தப்பும் ஆறாவதிலேயே ஆரம்பித்ததுதான். மேப்பில் ஆறையும் ஏழையும் இணைத்து ஒரு நேர்க்கோடு இருக்கும், அதைப் பார்த்துவிட்டு அந்தத் திசையிலேயே பாய்ந்திருப்பீர்கள். கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் தெரிகிற வீட்டுக்கு நேராகவா போகிறோம்? முதலில் கேட் எங்கே என்று பார்க்கிறோம். ஸ்ப்ரின்ட் மேப்பில் தடித்த கருப்புக் கோடு தாண்டக்கூடாத சுவர், எகிறிக் குதிக்க முடிந்தாலும் குதித்தால் தகுதி நீக்கம். (நல்லவேளை, குதிக்காமல் சுற்றிப் போனீர்கள்.) கொடி எந்தப் பொருளுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் கட்டம் கட்டிய விவரக் குறிப்பிலேயே கொடுத்திருப்பார்கள். அதை அன்று பார்த்தீர்களா? நேர்மையாகச் சொல்லுங்கள்.

இனி ஓடி முடித்ததும் ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று காட்டும் ஸ்ப்ளிட் பட்டியலைக் கையில் வாங்காதீர்கள். ஓரமாக உட்கார்ந்து, வியர்வையில் நனைந்த அதே மேப்பில் நீங்கள் போன வழியைப் பேனாவால் வரையுங்கள், எங்கே நின்றீர்கள், எங்கே 'இதுதானா?' என்று சந்தேகம் வந்தது, எல்லாவற்றையும். பட்டியலை முதலில் பார்த்துவிட்டால் அதற்கேற்ற மாதிரி சாக்கு எழுத ஆரம்பித்துவிடுவோம், நான் எழுதியிருக்கிறேன். ஒருமுறை எல்லாரையும்விட முன்னால் வந்துவிட்டேன் என்று துள்ளிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது, 44 என்று எண் போட்ட கொடிக்குப் பதிலாகப் பக்கத்தில் இருந்த 41-ல் சிப்பை வைத்திருக்கிறேன். கொடியின் எண்ணைப் பார்க்கவே இல்லை. கூட்டம் அதிகம், வெயில் அதிகம் என்று அன்று என்னென்னவோ சொன்னேன்.

வரைந்த பிறகு ஸ்ப்ளிட்டை எடுத்து ஒவ்வொரு துண்டையும் நண்பனுடையதோடு ஒப்பிடுங்கள். தப்பே நடக்கவில்லை என்று நீங்கள் நினைத்த துண்டுகளைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஜிபிஎஸ் வாட்ச் கட்டிக்கொண்டு ஓடலாமா? — ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: வழி பார்க்கக் கூடாது. ஓடிய தடத்தைப் பதிவு செய்து பிறகு பார்ப்பதற்கு என்றால் நல்ல பொருள்தான், ஆனால் அந்தப் போட்டியின் விதியைக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். நீங்கள் வரைந்த கோட்டையும் வாட்ச் காட்டும் கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில சமயம் சிரிப்பு வரும்.

கேள்வி: வடசென்னையில் காடே இல்லையே, எங்கே பயிற்சி செய்வது? — ராயபுரம் வாசகர்

பதில்: ஸ்ப்ரின்ட்டுக்குக் காடு எதற்கு? தெரு, சந்து, கட்டிடம், அதுதான் இதன் களம். நன்றாக ஓடுகிறவர் 12 முதல் 15 நிமிடத்துக்குள் முடிக்கும்படி பாதை போடுவார்கள். மேப் 1:4000 அளவில் இருக்கும், அதாவது 1 செ.மீ. என்பது 40 மீட்டர். அந்த அளவிலேயே சௌகார்பேட்டைச் சந்துகளைப் பிரின்ட் எடுத்து, ஞாயிறு காலை கடை திறப்பதற்கு முன் மின்ட் தெருவில் ஆரம்பியுங்கள். மேப்பில் நீங்கள் நிற்கிற இடத்தின் மேல் கட்டைவிரல் இருக்கட்டும், நீங்கள் நகர நகர அதுவும் நகரட்டும். முதல் வாரம் நடந்தே போங்கள். காசிமேடு பக்கம் மட்டும் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், மீன் வாங்க வரும் கூட்டத்தில் நடக்கவே இடம் கிடைக்காது.