வன்தட்டு இல்லாத கணினிகளுக்கு ஓப்பன்ஸ்டாக் வேண்டாம்

வன்தட்டு பழுதான 30 ஆய்வகக் கணினிகளை ஒரே சர்வரிலிருந்து இயக்க ஓப்பன்ஸ்டாக்கா, எல்டிஎஸ்பியா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்டிஎஸ்பிதான் (LTSP, கணினிகளை நெட்வொர்க் வழியாகத் துவக்கும் லினக்ஸ் மென்பொருள்). ஓப்பன்ஸ்டாக் முக்கியமாக சர்வருக்குள் மெய்நிகர் கணினிகளை உருவாக்கித் தருவது. மெய்நிகர் அல்லாத நிஜக் கணினிகளுக்கு அதில் ஐரானிக் என்ற பகுதி உண்டு. ஆனால் ஓர் ஆய்வகத்துக்கு அது கொசு அடிக்கப் பீரங்கி.

எல்டிஎஸ்பியில் கணினி பிஎக்ஸ்இ (PXE, நெட்வொர்க்கிலிருந்து துவங்கும் முறை) வழியாகத் துவங்கி, சர்வரிலுள்ள ஒரே இமேஜை (இயங்குதளத்தின் முழு நகலை) படித்து, தன் சொந்த ராமிலும் சிபியுவிலும் ஓடும். ரூட்டரில் கணினிகளுக்கு ஐபி முகவரி தரும் டிஎச்சிபியைத் தொட வேண்டாம். சர்வரில் ஓடும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருள் அதற்குத் துணையாக, பிராக்ஸியாக நின்று துவக்கத் தகவலை மட்டும் தரும். சர்வருக்கும் ஸ்விட்சுக்கும் இடையே ஜிகாபிட் வேக இணைப்பு கட்டாயம். எல்லோரும் ஒரே நேரத்தில் துவக்கினால் நெரிசல் அங்கேதான்.

புதிய பயனரைச் சேர்த்ததும் சர்வரில் ‘எல்டிஎஸ்பி இனிட்ஆர்டி’ (ltsp initrd) கட்டளையை மறுபடி ஓட்டி, கணினிகளுக்குப் போகும் பயனர் பட்டியலைப் புதுப்பித்துவிட்டு, ஆய்வகக் கணினியை மறுதுவக்கம் செய்யுங்கள். இல்லையென்றால் கடவுச்சொல் சரியாக இருந்தாலும் உள்ளே விடாது.