கண் சாலைக்கு, காது வழிக்கு: மேப் வைத்து ஓட்டுவோர் கேள்வி பதில்

ராமேஸ்வரம், டூரிஸ்ட் வேன் ஓட்டுநர்: அண்ணே, மேப்பைத் திரையில பாத்து ஓட்டுறதா, குரலை மட்டும் கேட்டு ஓட்டுறதா?

குரலைக் கேட்டு ஓட்டுங்கள் தம்பி. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகும். திரையில் 2 நொடி கண் வைத்தால் 33 மீட்டர் சாலையைப் பார்க்காமலே கடந்துவிடுகிறீர்கள். உச்சிப்புளிப் பக்கம் கருவேலம் புதருக்குள் இருந்து ஆடு குறுக்கே ஏற அவ்வளவு தூரம் வேண்டியதில்லை. வண்டிக்குள் இருக்கும் திரைகளுக்கு அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை 2013-ல் தந்த வழிகாட்டுதலிலும் ஒரு பார்வைக்கு வரம்பு 2 நொடிதான்.

ஓட்டுவதே பெரும்பாலும் கண் வேலை. திரை அதே கண்ணைப் பிடுங்கும், குரல் காதோடு போய்விடும். ஆனால் சாலை மூன்றாகப் பிரியும் இடத்தில் "லேசாக இடதுபுறம்" என்று குரல் சொன்னால் எந்தச் சாலை என்று புரியாது. அங்கே மட்டும், குரல் வந்த பிறகு, முன்னால் சாலை காலியாக இருக்கும்போது ஒரே ஒரு பார்வை. நீலக் கோடு எப்படி வளைகிறது என்று பாருங்கள், ஊர்ப் பெயரைப் படிக்காதீர்கள். நேரத்தைத் தின்பது படிப்பதுதான்.

கீழக்கரை, ஆட்டோ ஓட்டுநர்: குரல் கேட்டுத்தான் திரும்புறேன். ஆனாலும் தப்பான சந்துல போயிடுது.

"200 மீட்டரில் திரும்பவும்" என்பது தூரக் கணக்கு, நம் மனது அதை நேரக் கணக்காக எடுத்துக்கொள்கிறது. 80-ல் போனால் 200 மீட்டருக்கு 9 நொடி. ஊருக்குள் 20-ல் போனால் 36 நொடி. அதற்குள் இரண்டு சந்து வந்துவிடும், முதல் சந்திலேயே திரும்பிவிடுகிறீர்கள். முதல் அறிவிப்பைக் கேட்டதும் வேகத்தை மட்டும் குறையுங்கள். தூரம் சொல்லாமல் கடைசியாக வரும் "இடதுபுறம் திரும்பவும்" என்பதற்குத்தான் திரும்ப வேண்டும். இருபுறமும் மாடி வீடுகள் நெருங்கி நிற்கும் தெருவில் ஜிபிஎஸ் பல மீட்டர் தள்ளிக் காட்டும். அங்கே ஓரமாக நிறுத்தி ஆளைக் கேட்பதே சரி.

தொண்டி, மீன் லோடு ஓட்டுநர்: ராத்திரி ஈசிஆர்ல திரை வெளிச்சம் கண்ணைக் கூசுது.

மேப் செட்டிங்கில் இரவு நிறத்தைத் தேர்ந்தெடுங்கள், திரை வெளிச்சத்தையும் அடிமட்டத்துக்குக் குறையுங்கள். வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால், இருட்டுக்குக் கண் பழகும்வரை விளக்கில்லாத சைக்கிள் தெரியாது. போன் ஸ்டாண்டை முன் கண்ணாடி நடுவில் ஒட்டாதீர்கள், அது சாலையையே மறைக்கும். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், டேஷ்போர்டு விளிம்புக்குக் கீழே வையுங்கள். ஏசி உள்ள வண்டியில் ஏசி காற்று வரும் துவாரத்தில் மாட்டினால் இன்னும் நல்லது, பகலில் போன் சூடேறித் திரை மங்காது. ஏர்பேக் விரியும் இடத்தில் எதையும் மாட்டக்கூடாது.

ராமநாதபுரம், ஸ்கூட்டர் ஓட்டும் பெண்: ஒரு காதில் மட்டும் இயர்போன் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம்மா. பின்னால் வரும் பஸ் எந்தப் பக்கம் ஏறுகிறது என்பதை இரண்டு காதும் சேர்ந்துதான் சொல்லும். காதை அடைக்காமல் ஹெல்மெட்டுக்குள் பொருத்தும் புளூடூத் ஸ்பீக்கர் வாங்கலாம். அது இல்லையென்றால் கிளம்பும் முன் அடுத்த இரண்டு திருப்பத்தை மனதில் வாங்கிக்கொண்டு ஓட்டுங்கள், பிறகு நிறுத்தி மறுபடி பாருங்கள். ஹேண்டில்பாரில் போனை மாட்டினால் கண்ணுக்கும் கேடு, போனுக்கும் கேடு: பைக் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் 2021-லேயே எச்சரித்திருக்கிறது.

மண்டபம், கார் ஓட்டுநர்: குரல் தொணதொணக்குது. நிறுத்திடவா?

பாம்பன் சாலைப் பாலத்தில் நிறுத்திவிடுங்கள். 2 கிலோமீட்டருக்கு மேல் திருப்பமே இல்லை. அங்கே கவனம் முழுக்கக் குறுக்குக் காற்றுக்கும், ரயில் பாலத்தைப் படமெடுக்கக் காரை நிறுத்திவிட்டு இறங்குகிறவர்களுக்கும் வேண்டும். வழி தெரிந்த மற்ற இடத்தில் "எச்சரிக்கைகள் மட்டும்" என்று மாற்றினால் போதும். குரலும் மனதைக் கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும். லாரியை முந்தும்போது அறிவிப்பு வந்தால் காதில் வாங்காமல் விடுங்கள். திருப்பம் தவறினால் மேப் வேறு வழி போடும், அதற்காகச் சடாரென்று பிரேக் அடிக்காதீர்கள்.

மதுரையில் இருந்து வருகிறவர்: தனுஷ்கோடியில் இலங்கை சிக்னல் பிடித்தால் மேப் வேலை செய்யுமா?

செய்யும். ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை. ராமநாதபுரம் தாண்டும் முன்பே இந்தப் பகுதி மேப்பை டவுன்லோடு செய்துகொண்டு, டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். முகுந்தராயர் சத்திரத்தில் இருந்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்கு ஒரே சாலை. போனை உள்ளே போட்டுவிட்டு, சாலையில் ஏறிக் கிடக்கும் மணலைப் பாருங்கள். மணல் மேல் பிரேக் பிடித்தால் பைக் வழுக்கும்.