சென்சஸ் அட்டவணையை எக்செல்லில் திறந்த பிறகு: கேள்வி பதில்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணைகளைப் பிரித்து, எந்தப் பகுதியில் எந்தச் சேவை வேண்டும் என்று நிறுவனங்களுக்குச் சொல்வதுதான் பல வருடங்களாக என் வேலை. அதனால் எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் எக்செல் ஃபார்முலா பற்றித் தொடங்கும். ஆனால் பாதிக்கு மேல், அந்த எண் யாரை எண்ணியது என்பதில்தான் போய் முடியும். இந்த முறை வந்தவற்றில் சில.

தொண்டு நிறுவனத் திட்ட அலுவலர்: அக்கா, இந்திய சென்சஸ் 2011 அட்டவணையில் எழுத்தறிவு பெற்றவர்களை மொத்த மக்கள்தொகையால் வகுத்தேன். 63% வருகிறது. எல்லோரும் 73 என்கிறார்கள். நான் எங்கே தப்பு செய்தேன்?

வகுத்தலில் தப்பில்லை, வகுத்த எண்ணில்தான் தப்பு. இந்தியாவில் எழுத்தறிவு விகிதம் 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும் கணக்கிடப்படுகிறது. 2011 மக்கள்தொகை 121,08,54,977. அதில் 0 முதல் 6 வயது வரையிலான குழந்தைகள் 16,45,15,253 பேர். எழுத்தறிவு பெற்றவர்கள் 76,36,38,812 பேர். குழந்தைகளைக் கழித்துவிட்டு வகுத்துப் பாருங்கள், 72.98% வரும்.

இதில் நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. பத்து புள்ளி வித்தியாசம் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி இருந்தால், தர வரிசையாவது தப்பிக்கும். அப்படி இருக்காது. குழந்தைகள் அதிகம் உள்ள கிராமத்தில் இந்தத் தப்பு பெரிதாகும், முதியவர்கள் அதிகம் உள்ள கிராமத்தில் சிறிதாகும். நீங்கள் முதியோர் கல்வி மையத்துக்கு ஊர் தேடுகிறீர்கள் என்றால், உண்மையில் பின்தங்கிய ஊரை விட்டுவிட்டு, குழந்தைகள் நிறையப் பிறந்த ஊரைத் தேர்ந்தெடுத்துவிடுவீர்கள். எந்த விகிதம் போட்டாலும் பக்கத்து நெடுவரிசையில் 'யாரால் வகுத்தேன்' என்று எழுதிவையுங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

அதே அலுவலர்: சரி. ஆனால் கோப்பில் நெடுவரிசையைக் கூட்டினால் மாவட்ட மக்கள்தொகையே பல மடங்காக வருகிறதே?

அந்தக் கோப்பில் மாநிலம், மாவட்டம், வட்டம், கிராமம் என்று எல்லா நிலைகளும் ஒரே பட்டியலில் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். அதற்கு மேல், ஒவ்வொரு இடத்துக்கும் மொத்தம், ஊரகம், நகர்ப்புறம் என்று தனித்தனி வரிசைகள். அப்படியே கூட்டினால் ஒரே ஆளைப் பல தடவை எண்ணுகிறீர்கள். முதலில் நிலை நெடுவரிசையில் ஒரே நிலையை ஃபில்டர் செய்யுங்கள், அப்புறம் 'மொத்தம்' வரிசைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சப்டோட்டல் ஃபங்ஷன் ஃபில்டரில் மறைந்த வரிசைகளைச் சேர்க்காது; சாதாரண சம் சேர்த்துவிடும். வேலைக்கு வந்த புதிதில் ஒரு திட்ட அறிக்கையில் குழந்தைகள் எண்ணிக்கையை இதனால் சரியாக இரண்டு மடங்காகக் கொடுத்திருந்தேன். குழு உறுப்பினர் ஒருவர் பழைய அறிக்கையோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து, கூட்டிய எண்ணை வெளியிடப்பட்ட மொத்தத்தோடு சரிபார்க்கும் ஒரு செல் இல்லாமல் எந்த ஷீட்டையும் நான் மூடுவதில்லை.

தரவு உள்ளீட்டாளர்: வயதுப் பிரிவில் 5-9 என்று இருந்த இடத்தில் ஏதோ ஒரு தேதி நிற்கிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. எக்செல் அதைத் தேதி என்று நினைத்து மாற்றிவிட்டது. மாற்றிய பிறகு செல்லின் ஃபார்மட்டை டெக்ஸ்ட் ஆக்கினால் பழையது திரும்பாது, ஏதோ ஐந்திலக்க எண்தான் வரும். கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறக்காமல், டேட்டா மெனுவில் இருந்து இறக்குமதி செய்யுங்கள். அங்கேயே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறித்துவிடலாம். இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. மனித மரபணுக்களில் சிலவற்றின் பெயர்கள் மாதப் பெயர் போல இருந்ததால் எக்செல் அவற்றைத் தேதியாக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020-இல் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டார்கள்.

இட அடையாளக் குறியீடுகளுக்கும் இதே கதிதான். அமெரிக்க சென்சஸில் அலபாமாவின் குறியீடு 01, கலிபோர்னியாவுடையது 06. முன்னால் உள்ள பூஜ்யம் உதிர்ந்தால், குறியீட்டை வைத்து வேறு அட்டவணையில் தேடும் வி-லுக்கப் ஃபங்ஷன் எதையும் பொருத்தாது. குறியீடு பார்க்க எண் போல இருந்தாலும் அது பெயர்தான். டெக்ஸ்ட்டாகவே வையுங்கள்.

நூலக நிர்வாகி: ஐந்து வார்டுகளுக்கும் இடைநிலை வயது தனித்தனியாக இருக்கிறது. சராசரி எடுத்து எங்கள் சேவைப் பகுதியின் இடைநிலை வயது என்று போடலாமா?

கூடாது. இடைநிலை வயது என்பது பாதிப் பேர் அதற்குக் கீழும் பாதிப் பேர் அதற்கு மேலும் இருக்கும் வயது. இடைநிலைகளைச் சராசரி எடுத்தால் வருவது யாருடைய வயதும் இல்லை. வயதுப் பிரிவு அட்டவணைக்குப் போங்கள். ஐந்து வார்டுகளின் எண்ணிக்கையையும் பிரிவுவாரியாகக் கூட்டி, மேலிருந்து கீழாகத் திரட்டிக்கொண்டே வாருங்கள். மொத்தம் 10,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். பாதி 5,000. 24 வயது வரை 4,600 பேர் வந்துவிட்டார்கள், அடுத்த 25-29 பிரிவில் 1,000 பேர். இன்னும் 400 பேர் வேண்டும். ஆயிரத்தில் நானூறு என்பது பிரிவின் ஐந்து வருட அகலத்தில் இரண்டு வருடம். ஆக, இடைநிலை வயது 27.

சதவீதங்களுக்கும் எச்சரிக்கை தேவை. 2,000 பேர் உள்ள வார்டில் 50%, 18,000 பேர் உள்ள வார்டில் 80% என்றால் சராசரி 65 அல்ல. ஆட்களைக் கணக்கில் எடுத்தால் 20,000-க்கு 15,400 பேர், அதாவது 77%. சம்புராடக்ட் ஃபங்ஷன் இதை ஒரே செல்லில் செய்யும்.

சமூக நலக் கூட்டுறவு ஒன்றின் செயலாளர்: இந்தியத் தரவு 2011-உடையது. இன்றைக்கு இதை நம்பித் திட்டம் போடலாமா?

எதற்கு நம்பலாம், எதற்குக் கூடாது என்று பிரித்துக்கொள்ளுங்கள். 2021-இல் நடந்திருக்க வேண்டிய இந்தியக் கணக்கெடுப்பு தள்ளிப்போனது. அடுத்ததற்குப் பெரும்பாலான பகுதிகளுக்கு அறிவிக்கப்பட்ட குறிப்புத் தேதி, அதாவது எந்த நாள் நிலவரப்படி எண்ணுகிறார்களோ அந்த நாள், 2027 மார்ச் 1. கனடாவும் ஆஸ்திரேலியாவும் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை எண்ணுகின்றன. டென்மார்க் 1981-லேயே வீடு வீடாகப் போவதை விட்டு அரசுப் பதிவேடுகளில் இருந்து கணக்கெடுத்துவிட்டது. நமக்கு அந்த வசதி இல்லை.

மாநில அளவில் எண்ணிக்கையை முன்னோக்கிக் கணிக்கலாம். அதிலும் பத்தால் வகுக்காதீர்கள். 2001-க்கும் 2011-க்கும் இடையே இந்தியா 17.7% வளர்ந்தது. அதைப் பத்தால் வகுத்து வருடத்துக்கு 1.77 என்பார்கள். வளர்ச்சி வட்டிக்கு வட்டி போல ஏறுவதால், 1.177-க்குப் பத்தாம் மூலம் எடுத்து ஒன்றைக் கழிக்க வேண்டும்; வருவது வருடத்துக்கு 1.64%. பதினைந்து வருடம் நீட்டினால் இந்தச் சின்ன வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

கிராம, வார்டு அளவில் இந்தக் கணிப்பை நான் செய்வதே இல்லை. ஒரு சாலை வந்தாலோ, ஓர் ஆலை மூடினாலோ கதை மாறிவிடும். அங்கே பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், உங்கள் களப் பணியாளர் எண்ணிய வீடுகள் இவையே சாட்சி. இன்னொன்று, 2011-இல் 5 வயதுப் பிள்ளை 2026-இல் 20 வயது இளைஞர். 2011-இன் 'குழந்தைகள் அதிகம் உள்ள ஊர்' என்ற பட்டியலை எடுத்துக்கொண்டு இன்று மழலையர் மையம் திறக்கப் போகாதீர்கள். அந்தப் பட்டியல் இன்று வேலைவாய்ப்புப் பயிற்சிக்குத்தான் பொருந்தும், அதுவும் பிள்ளைகள் ஊரிலேயே இருந்தால்.

எல்லைகளும் மாறியிருக்கும். 2011-இல் இந்தியாவில் 640 மாவட்டங்கள், இன்று 700-ஐத் தாண்டிவிட்டன. தெலங்கானா 2014-இல்தான் பிறந்தது. 2011 அட்டவணையில் அது ஆந்திரப் பிரதேசத்துக்குள் இருக்கிறது. பழைய மாவட்ட வரிசையை எடுத்துக்கொண்டு புதிய மாவட்டப் பெயரைப் போடாதீர்கள். வட்டம் அல்லது கிராம அளவுக்கு இறங்கி, புதிய எல்லைப்படி நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இருந்து ஒரு தன்னார்வலர்: அமெரிக்க சமுதாய ஆய்வு அட்டவணையில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பிழை எல்லை என்று ஒரு நெடுவரிசை இருக்கிறது. அழித்துவிடலாமா? ஷீட் ரொம்ப அகலமாகிறது.

தயவுசெய்து அழிக்காதீர்கள். அது முழுக் கணக்கெடுப்பு இல்லை, மாதிரி ஆய்வு. ஒரு சிறு பகுதியில் உதவி தேவைப்படும் முதியவர்கள் 120, பிழை எல்லை 90 என்று போட்டிருந்தால், உண்மை 30-லிருந்து 210 வரை எங்கேயும் இருக்கலாம். அதுவும் 90% நம்பிக்கை அளவில்தான், அதாவது பத்தில் ஒரு தடவை உண்மை இந்த வரம்புக்கு வெளியேயும் போகலாம். பிழை எல்லையை 1.645-ஆல் வகுத்தால் திட்டப் பிழை (ஸ்டாண்டர்ட் எரர்), ஏறக்குறைய 55. அதை 120-ஆல் வகுத்தால் 46%. இவ்வளவு ஆட்டம் உள்ள எண்ணை வைத்து இரண்டு பகுதிகளை ஒப்பிட்டு ஒன்றுக்குப் பணம் ஒதுக்குவது நியாயமில்லை.

பக்கத்துப் பகுதிகளைச் சேர்த்துப் பாருங்கள். எண்ணிக்கைகளைக் கூட்டலாம், பிழை எல்லைகளை அப்படிக் கூட்டக்கூடாது. ஒவ்வொன்றையும் வர்க்கம் எடுத்து, கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அகலம்தான் பிரச்சினை என்றால் நெடுவரிசையை ஹைடு செய்யுங்கள், போதும்.

இங்கிலாந்தில் இருந்து: 2021 சென்சஸில் ஒரே பகுதிக்கு இரண்டு அட்டவணைகளில் மொத்தம் லேசாக வேறுபடுகிறது. எது சரி?

இரண்டும் சரிதான். தனி மனிதரை அடையாளம் கண்டுவிடக்கூடாது என்பதற்காகச் சிறிய எண்களில் வேண்டுமென்றே சின்ன மாற்றம் செய்கிறார்கள். அமெரிக்காவிலும் 2020 தரவில் இதே நோக்கத்துக்காகச் செயற்கை இரைச்சல், அதாவது தற்செயலான சிறு மாற்றங்கள், சேர்த்திருக்கிறார்கள். மூன்று பேர், நான்கு பேர் என்று வரும் செல்களை நம்பி முடிவெடுக்காமல் பெரிய பகுதியாகப் பாருங்கள்.

மருத்துவ உதவி அமைப்பு: எக்செல்லில் கோப்பு முழுதும் ஏறவில்லை.

ஒரு ஷீட்டில் 10,48,576 வரிசைகள்தான் பிடிக்கும், பழைய வடிவத்தில் 65,536. அந்தப் பழைய எல்லையால்தான் 2020-இல் இங்கிலாந்தில் 15,841 கோவிட் நோயாளிகளின் விவரம் கணக்கில் வராமல் போனது. எக்செல்லிலேயே உள்ள பவர் குவெரி என்ற இறக்குமதிக் கருவி வழியாகத் தேவையான மாவட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வு மாணவர்: புலம்பெயர்ந்தோர் அதிகமுள்ள பகுதிகளில் எழுத்தறிவும் அதிகமாக இருக்கிறது. ஆகவே புலம்பெயர்ந்தோருக்கு எழுத்தறிவு வகுப்பு தேவையில்லை என்று எங்கள் அமைப்புக்குச் சொல்லலாமா?

சொல்லாதீர்கள். இதே விஷயத்தை 1950-இல் ராபின்சன் என்ற சமூகவியலாளர் 1930 அமெரிக்க சென்சஸை வைத்துக் காட்டினார். மாநிலங்களை ஒப்பிட்டால், வெளிநாட்டில் பிறந்தவர்கள் கூடும் இடத்தில் எழுத்தறிவின்மை குறைந்தது. இரண்டும் எப்படிச் சேர்ந்து மாறுகின்றன என்று மைனஸ் 1 முதல் பிளஸ் 1 வரை அளக்கும் தொடர்புக் கெழு மைனஸ் 0.53. தனி மனிதர்களை எடுத்தால் குறியே மாறி பிளஸ் 0.12. காரணம், அவர்கள் குடியேறியது உள்ளூர்க்காரர்கள் ஏற்கெனவே நன்கு படித்திருந்த மாநிலங்களில். உங்கள் ஷீட்டில் ஒரு வரிசை என்பது ஒரு பகுதி, ஒரு ஆள் இல்லை. தொடர்புக் கெழுவைக் கணக்கிடும் கொரல் ஃபங்ஷனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. புலம்பெயர்ந்தோரையும் எழுத்தறிவையும் ஒன்றாகக் குறுக்கே வைத்த அட்டவணை கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

முதியோர் இல்ல நிர்வாகி: 60 வயதில் திடீரென்று கூட்டம் ஏறுகிறது, 59-லும் 61-லும் ஆளே இல்லை. இது எப்படி?

வயது சரியாகத் தெரியாதவர்கள் 'அறுபது இருக்கும்' என்று சொல்கிறார்கள், கணக்கெடுப்பாளரும் எழுதிக்கொள்கிறார். எவ்வளவு குவிந்திருக்கிறது என்று பார்க்க விப்பிள் குறியீடு உண்டு. 23 முதல் 62 வரையிலான வயதில் 0-விலும் 5-இலும் முடியும் வயதினரைக் கூட்டி, ஐந்தால் பெருக்கி, அந்த 40 வயதுகளின் மொத்தத்தால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். 100 வந்தால் குவிப்பு இல்லை. எல்லோருமே அப்படிச் சொல்லியிருந்தால் 500 வரும். 60-ஐக் கோடாக வைத்து நீங்கள் படுக்கைகள் திட்டமிட்டால், 58 வயதுக்காரர்கள் பலர் உள்ளே வந்திருப்பார்கள். 65-க்கு மேல், 70-க்கு மேல் என்று கோட்டை நகர்த்தி எண் எப்படி மாறுகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பகல்நேரக் குழந்தைக் காப்பகம்: வேலைக்குப் போகும் தாய்மார்களுக்காக இடம் தேடுகிறோம். 0 முதல் 6 வயதுக் குழந்தைகள் அதிகமுள்ள வார்டைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். ஏதாவது விட்டுவிட்டோமா?

தாய்மார்களையே விட்டுவிட்டீர்கள். சென்சஸ் மக்களை அவர்கள் வசிக்கும் வீட்டில் எண்ணுகிறது, பகலில் வேலை பார்க்கும் இடத்தில் இல்லை. தொழிற்பேட்டை உள்ள வார்டு உங்கள் ஷீட்டில் காலியாகத் தெரியும். காலை ஒன்பது மணிக்கு அங்கே போய் நின்றால் வேறு காட்சி. காப்பகம் வீட்டுக்குப் பக்கத்தில் வேண்டுமா, வேலைக்குப் பக்கத்தில் வேண்டுமா என்பதை எந்த நெடுவரிசையும் சொல்லாது. பால் கொடுக்கும் தாய்க்கு ஒரு பதில், நான்கு வயதுப் பிள்ளையைப் பாட்டி கொண்டுவந்து விடும் வீட்டுக்கு வேறு பதில். வார்டு பட்டியலில் மேலே உள்ள மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் வேலைக்குப் போகும் பெண்கள் எத்தனை பேர் என்று தொழிலாளர் நெடுவரிசையில் பாருங்கள். அப்புறம் ஷீட்டை மூடிவிட்டு, அந்த மூன்று வார்டுகளிலும் இருபது இருபது தாய்மார்களிடம் கேளுங்கள். கேட்டுவந்த பதிலுக்கும் ஒரு நெடுவரிசை சேர்த்து எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.