4 ஜிபி ராமுக்கு எந்த லினக்ஸ் டெஸ்க்டாப்?

கேள்வி: என் லேப்டாப் பழையது, ராம் 4 ஜிபி. உபுண்டு லினக்ஸில் க்னோம் டெஸ்க்டாப் பயன்படுத்துகிறேன். ப்ரவுசரில் நாலைந்து டேப் திறந்தாலே திணறுகிறது. விண்டோஸில் இருப்பதுபோலக் கீழே பட்டையும் ஸ்டார்ட் மெனுவும் வேண்டும். மறுபடி முதலிலிருந்து இன்ஸ்டால் செய்யாமல் வேறு டெஸ்க்டாப்புக்கு மாற முடியுமா? எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: தாராளமாக மாறலாம். லினக்ஸில் டெஸ்க்டாப் என்பது பட்டை, மெனு, ஜன்னல்களைத் திரையில் காட்டும் மென்பொருள்தான். ஒரே கணினியில் இரண்டு டெஸ்க்டாப்களை வைத்துக்கொண்டு, லாகின் செய்யும்போது வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். உங்கள் தேவைக்கு நான் சொல்வது எக்ஸ்எஃப்சிஇ (Xfce) என்ற லேசான டெஸ்க்டாப்.

வேகத்தைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெஸ்க்டாப்பை மாற்றினால் சில நூறு எம்பி ராம் மிச்சமாகும், அவ்வளவுதான். நினைவகத்தைப் பெரும்பாலும் தின்பது ப்ரவுசர். அது எந்த டெஸ்க்டாப்பிலும் அதே அளவு தின்னும். லேப்டாப்பில் ராம் கூட்ட இடமிருந்தால் 8 ஜிபி ஆக்குங்கள். உள்ளே இன்னும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் அதை எஸ்எஸ்டியாக மாற்றுவதுதான் முதல் வேலை. அதில் தெரியும் வித்தியாசம் எந்த டெஸ்க்டாப் மாற்றத்திலும் தெரியாது.

டெஸ்க்டாப் தேர்வில் நான் நம்பும் அளவுகோல் ஒன்றே: எதையும் மாற்றாத நிலையில் உங்கள் பழக்கத்துக்கு எது மிக நெருக்கமோ, அதை எடுங்கள். ஸ்கிரீன்ஷாட் அழகைப் பார்த்து எடுக்காதீர்கள். க்னோமிலேயே எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) போட்டுக் கீழே பட்டை கொண்டுவரலாம்தான். ஆனால் க்னோம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளியிடுகிறது. எக்ஸ்டென்ஷனை எழுதியவர் அதற்கேற்பத் திருத்தும்வரை அது வேலை செய்யாமல் போகலாம். தினமும் தொடுகிற பட்டை அப்படி இன்னொருவரின் ஓய்வு நேரத்தை நம்பி இருக்கக் கூடாது.

பார்வைக்கு விண்டோஸை இன்னும் ஒத்திருப்பது லினக்ஸ் மின்ட் குழு உருவாக்கிய சின்னமன். நல்ல டெஸ்க்டாப், ஆனால் எக்ஸ்எஃப்சிஇயைவிடக் கொஞ்சம் கனம். கேடிஇ பிளாஸ்மாவில் மாற்ற முடியாத இடமே இல்லை எனலாம். 8 ஜிபி இருந்திருந்தால் அதையே சொல்லியிருப்பேன். 4கே மானிட்டர் இணைக்கும் எண்ணம் இருந்தாலும் பிளாஸ்மா அல்லது க்னோம்தான் சரி. ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி ஸ்கேலிங் (எழுத்து, ஐகான்களின் அளவு) வைக்க, ஜன்னல்களைத் திரையில் காட்டும் புதிய முறையான வேலண்ட் வேண்டும். எக்ஸ்எஃப்சிஇ இன்னும் முக்கியமாகப் பழைய முறையான எக்ஸ்11-ஐ நம்பியே இருக்கிறது.

சரி, மாறுவது எப்படி? 'எக்ஸ்எஃப்சிஇ4' (xfce4) என்ற பேக்கேஜை மட்டும் நிறுவுங்கள். எக்ஸ்எஃப்சிஇயுடன் வரும் உபுண்டு வகையான சுபுண்டுவின் முழு டெஸ்க்டாப் பேக்கேஜை எடுத்தால் அதன் ஆப்களும் லாகின் திரையும் கூடவே வந்து, எல்லாமே இரண்டிரண்டாக நிற்கும். அப்புறம் சோதனைக்கென்று ஒரு புதிய யூசர் கணக்கை உருவாக்குங்கள். இது முக்கியம். ஹோம் ஃபோல்டரில் உள்ள சில தீம், ஐகான் அமைப்புகளைப் பல டெஸ்க்டாப்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றில் மாற்றியது இன்னொன்றில் போய்த் தலைகாட்டும். லாகின் திரையில் அந்தப் புதிய கணக்கின் பெயரைச் சொடுக்கியதும் வலது கீழ் மூலையில் ஒரு பல்சக்கர ஐகான் தெரியும். அதில் எக்ஸ்எஃப்சிஇயைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள். ஒரு வாரம் உங்கள் அன்றாட வேலைகளை அதிலேயே செய்து பார்த்துவிட்டுச் சொந்தக் கணக்கில் மாறுங்கள்.

முதலில் வரும் பேனல் (பட்டை) மேலே இருக்கும். அதன் மேல் வலது சொடுக்கு செய்து பேனல் அமைப்புகளைத் திறந்து, இடத்தைப் பிடித்து வைத்திருக்கும் பூட்டை எடுத்துவிட்டால், ஓரத்தைப் பிடித்துக் கீழே இழுத்துவிடலாம். மெனுவுக்கு விஸ்கர் மெனு என்ற ப்ளகினைச் சேருங்கள். பெயரைத் தட்டித் தேடலாம், அடிக்கடி திறப்பவற்றைப் பின் செய்யலாம். கிராபிக்ஸ் சிப் பழையதாகி ஜன்னல்கள் இழுபட்டால் 'விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ்' பகுதியில் ஜன்னல்களுக்கு அலங்கார விளைவுகள் தரும் கம்பாசிட்டரை அணைத்துப் பாருங்கள். நிழலும் ஒளிபுகும் தன்மையும் போய்விடும், கை இலகுவாகும். தீமை மட்டும் கடைசியில் தொடுங்கள், அதுவும் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்று.

பேனல் எப்போதாவது முழுக்கக் குழம்பிவிட்டால் பயப்பட வேண்டாம். அந்த அமைப்புகளெல்லாம் ஹோமில் மறைந்திருக்கும் கான்ஃபிக் (.config) ஃபோல்டருக்குள், எக்ஸ்எஃப்சிஇ4 என்ற ஃபோல்டரில் இருக்கின்றன. ஃபைல் மேனேஜரில் கன்ட்ரோலும் ஹெச்சும் சேர்த்து அழுத்தினால் கண்ணில் படும். இன்றே அதற்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். திரும்பப் போடும்போது எக்ஸ்எஃப்சிஇயிலிருந்து லாக் அவுட் செய்துவிட்டு, அதே கணக்கில் க்னோமுக்குள் நுழைந்து போடுங்கள். எக்ஸ்எஃப்சிஇ ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றினால், நினைவில் வைத்திருக்கும் பழைய அமைப்பை அதன் மேலேயே மறுபடி எழுதிவிடும்.